பட்டியலின் இரண்டாவது வரி

செப்டம்பர் 8, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு, கல்லில் ஊசியால் படம் குத்தும் எந்திரத்தின் கணினியைப் போட்டேன். லினக்ஸ் ஏறியது, கடவுச்சொல் கேட்டது, உள்ளே விட்டது. படத்தைத் திறந்ததும் திரை ஒருமுறை சிமிட்டிவிட்டு இருண்டு போனது. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை பெரிய மேம்பாடு ஒன்று ஏறியிருக்கிறது, அதுதான் காரணம். எப்படியோ ஏறிவிட்டது.

சோவெத்பெக் அண்ணன் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து பார்த்தார். பட்டறை அவருடையது. எங்கள் ஊர் தொக்மோக்கில் இறப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் கல்லறைக் கல் செய்கிறார். கல்லில் வரும் முகங்களை நான் செய்கிறேன்.

"யாரு இதத் தொட்டது?"

"தெரியலண்ணே. தானா ஆயிருக்கும்."

"தானா எப்படி ஆகும்? உன் தம்பி வச்சுக் குடுத்ததாச்சே. ஓடுறத நோண்டாதீங்கன்னு எழுதி ஒட்டிட்டுல்ல போயிருக்கான்."

அந்தக் காகிதம் இன்னும் திரைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. இன்றைக்குத்தான் தம்பியின் படத்தைத் தொடங்குவதாக இருந்தேன். அக்டோபர் 18 அவன் இறந்ததற்கான வருஷ விருந்து. அதற்குள் கல் நின்றாக வேண்டும். இன்னும் நாற்பது நாள் இருக்கிறது.

செப்டம்பர் 9

நோய் தெரிந்துவிட்டது. கிராபிக்ஸ் டிரைவர்தான். எங்கள் திரை அட்டை மிகப் பழையது. அதைச் செய்தவர்களே அதை மறந்து பல வருஷமாகிறது. லினக்ஸின் மையமான கர்னல் புதிதாக வந்ததும் பழைய டிரைவர் அதோடு சேர மறுத்துவிட்டது. பிழைப் பதிவில் ஒரே வரி நாற்பது முறை. அதனால் லினக்ஸ் தன்னிடமிருந்த பொது டிரைவரைப் போட்டு ஒப்பேற்றுகிறது. கடிதம் அடிக்கலாம், சின்னப் படம் பார்க்கலாம். பெரிய படத்தைத் திறந்து முகத்துக்கு அருகே போனால் உறைந்துவிடும்.

என் வேலையே முகத்துக்கு அருகே போவதுதான்.

டிரைவரைக் கழற்றி மறுபடி போட்டேன். அதே நாற்பது வரி. வருத்தம் என்று எதுவும் வரவில்லை. மதியம் லக்மான் வாங்கிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

வீட்டுக்கு வந்தபோது படிக்கட்டிலேயே எண்ணெய் வாசனை. ஒவ்வொரு வியாழனும் அம்மா மாவைத் துண்டு போட்டுப் பொரிக்கிறாள். வாசனை தம்பியிடம் போய்ச் சேருமாம். முதல் துண்டை எடுக்கும்போது அவன் பெயரைச் சொல்லி ஓதுவாள். பிறகு எல்லோரும் ஆளுக்கொன்று சாப்பிட வேண்டும். எனக்கு வயிறு சரியில்லை என்றேன். பதினோரு மாதமாக ஒவ்வொரு வியாழனும் எனக்கு வயிறு சரியில்லை.

"உலாரோட படம் என்னாச்சு?" என்றாள்.

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சும்மா."

"அவன் வாங்குனது கெடாதே."

"கெட்டுப்போச்சு."

செப்டம்பர் 12

இன்று மூன்று முறை உறைந்தது. மூன்று முறையும் பொத்தானை அழுத்தி அணைத்தேன். அவ்வளவுதான்.

செப்டம்பர் 15, திங்கள்

சோவெத்பெக் அண்ணன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இவனோவ்காவிலிருந்து வந்த ஒரு கிழவியின் படத்தைத் திறந்தேன். திறந்தது. மூக்குக்கு அருகே போனேன். தாங்கியது. கெமினிலிருந்து வந்த ஓட்டுநர் ஒருவர், அவரும் திறந்தார். தம்பியின் படத்தைத் திறந்தேன். இருட்டு.

அண்ணன் உட்கார்ந்தபடியே பிரார்த்தனைக்குக் கையேந்தி முகத்தைத் தடவிக்கொண்டார்.

"பார்த்தியா? அவனுக்கு இஷ்டமில்ல, பொண்ணே."

விஷயம் அதுவல்ல. மற்றவர்கள் செத்தவருடைய படத்தைக் கைப்பேசியில் அனுப்புகிறார்கள், தபால்தலை அளவுதான் இருக்கும். தம்பியின் படம் நல்ல கேமராவில் எடுத்தது, மற்றதைவிட முப்பது மடங்கு கனம். அதை அண்ணனுக்கு விளக்கலாம். விளக்கவில்லை. அவனுக்கு இஷ்டமில்லை என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அண்ணன் கெடு வைத்துவிட்டார். அடுத்த வியாழனுக்குள் கணினி சரியாகாவிட்டால் தம்பியின் படத்தைக் காரா-பால்தாவில் உள்ள வேறொரு பட்டறைக்கு அனுப்பிவிடுவார்.

"உங்கம்மா முகத்துல நான் முழிக்கணும்ல. கல்லு இல்லாம வருஷ விருந்து நடந்தா ஊருல நான் நடமாட முடியுமா?"

அவர் சொல்வது நியாயம். காரா-பால்தாக்காரர்களின் வேலையைப் பார்த்திருக்கிறேன். எல்லா முகத்தையும் சலவை செய்த மாதிரி ஆக்கிவிடுவார்கள். வாயை மூடுவார்கள். கோட்டுப் போடுவார்கள்.

வியாழன். வயிறு சரியில்லை.

செப்டம்பர் 20

கோட்டைப் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் தூங்க முடியாது போலிருக்கிறது.

கல்லில் யாரும் சட்டை கசங்கி நிற்கக்கூடாது. ஆனால் வருகிற படங்கள் என்னவோ கல்யாணத்தில் குடித்தது, உருளைக்கிழங்கு தோண்டியது, பனியனோடு உட்கார்ந்தது. அதனால் என்னிடம் ஒரு கோட்டு இருக்கிறது. வெள்ளைச் சட்டை, கோடு போட்ட டை, மூன்று பொத்தான். எட்டு வருஷத்துக்கு முன் வரைந்து வைத்தேன். தலையை வெட்டி அதன் மேல் ஒட்டிவிடுவேன். இதுவரை இருநூறு பேருக்கு மேல் போட்டாயிற்று.

கணினி வைத்துக் கொடுக்க வந்த தம்பி, ஒருநாள் முற்றத்தில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த கற்களைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, சூய் பள்ளத்தாக்கே உன்னோட ஒத்தக் கோட்டுலதான் படுத்திருக்கு. மாத்தி மாத்திப் போட்டுக்கிறாங்களா?"

"போடா."

"எனக்கு மட்டும் இதப் போட்டே, எழுந்து வந்து பொத்தானக் கழட்டிருவேன்."

நானும் சிரித்தேன். இருபத்தொன்பது வயதுக்காரனிடம் அதற்கு வேறென்ன சொல்வது? அது போன வருஷம் செப்டம்பர். அக்டோபரில் தோ-அஷூ கணவாயில் பனி. எதிரே லாரி.

இதை எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். கை வலிக்கிறது, வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

இல்கீஸ் வந்தான். தம்பியோடு ஒரே பெஞ்சில் படித்தவன், பிஷ்கெக்கில் கணினி வேலை. அண்ணன்தான் கூப்பிட்டிருக்கிறார். அண்ணன் வெளியே கல் அறுத்துக்கொண்டிருந்தார், உள்ளே நாங்கள் இருவர்.

இல்கீஸ் கணினியின் பதிவேட்டைத் திறந்து கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே போனான். ஒரு இடத்தில் நின்றான்.

"அக்கா, இது தானா ஏறல. சனிக்கிழம மதியம் ரெண்டு பத்துக்கு ஆரம்பிச்சிருக்கு. உங்க பேர்ல."

அவன் கணினியை அணைத்து மறுபடி போட்டான். கறுப்புத் திரையில் அந்தப் பட்டியல் வந்தது. தம்பி வைத்த ஏற்பாடு. எந்தக் கர்னலில் ஏற வேண்டும் என்று பத்து விநாடி கேட்கும். பதில் சொல்லாவிட்டால் முதல் வரியில் ஏறிவிடும்.

"ரெண்டாவது வரில பழைய கர்னல் அப்படியே இருக்கே. பழைய டிரைவரும் அதோட இருக்கு. கீழ் அம்பு ஒண்ணு, என்டர் ஒண்ணு. இத நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"எப்போ?"

"மொத நாளே."

அவன் என்னைப் பார்க்கவில்லை. பத்து விநாடி முடிந்து முதல் வரியில் ஏறியது. தடுக்கவில்லை.

"உலாரோட படத்துக்கு ஏன் பேரில்ல? மத்ததெல்லாம் ஆளோட பேர்ல இருக்கு. இது மட்டும் 'புதிது 7'."

"பேரு அப்புறம் வச்சுக்கலாம்னு விட்டேன்."

"உலார் இருந்திருந்தா உங்கள இந்த ரூமுக்குள்ளயே சேர்த்திருக்க மாட்டான்க்கா," என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு வெளியே போய்ச் சத்தமாகச் சொன்னான்: "கஷ்டமான கேசுண்ணே. புதன்கிழம வரைக்கும் அக்காவுக்கு டைம் குடுங்க. அவங்களால முடியும்."

செப்டம்பர் 23

சரி. எழுதிவிடுகிறேன்.

எட்டாம் தேதி எழுதியது பொய். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை, இதிலும் பொய்.

ஆறாம் தேதி சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு அவன் படத்தைத் திறந்தேன். திங்கள்வரை காத்திருக்க வேண்டாம், தனியாக இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று. நன்றாகத் திறந்தது. முகத்துக்கு அருகே போனேன். முகம் திரை முழுக்க வந்தது. புருவத்தைத் தொட வேண்டும், முதலில் நான் எப்போதும் புருவத்தில்தான் ஆரம்பிப்பேன். சுட்டியை அங்கே வைத்தேன். கல்லில் ஊசி குத்திய பிறகு அதை அழிக்க முடியாது. கல்லில் வந்தவர் செத்தவர்தான். எட்டு வருஷமாக நான் செய்துகொண்டிருப்பது அதுதான்.

மூலையில் மேம்பாட்டு அறிவிப்பு நின்றது. பல மாதமாக அங்கேயே இருக்கிறது. அவன் தொடாதே என்றான், நான் தொடவில்லை. அன்று தொட்டேன். உறுதியா என்று மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் ஆம். இரண்டு மணி நேரம் ஓடியது. சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும். கெடட்டும் என்றுதான் அமுக்கினேன்.

அடக்கத்துக்கு எங்களில் பெண்கள் போவதில்லை. வாசலில் போட்ட துக்கக் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். கூடப்பிறந்தவள் என்று என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். எனக்குக் குரலே வரவில்லை. சித்தி விலாவில் இடித்தாள். அப்போதும் வரவில்லை. என்ன பெண் இவள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 24, புதன்

கீழ் அம்பு. என்டர்.

படம் திறந்தது. காலை பத்திலிருந்து ஐந்து வரை வேலை. ஒருமுறைகூட உறையவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

அம்மா பட்டறைக்கு வந்தாள். படத்தைத் திறந்து காட்டினேன். தம்பி அதில் கழுத்து தொய்ந்த ஸ்வெட்டரோடு சிரிக்கிறான். முன்பல் பாதி இல்லை. ஒன்பது வயதில் பனிச்சறுக்கு வண்டியிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டது.

"என்னடி இது, ஸ்வெட்டரு? உங்கப்பா கோட்டுல இருக்காரு. உங்க மாமா கோட்டுல இருக்காரு. இவன் மட்டும் ஆடு மேய்க்கவா போறான்?"

"அவனுக்குக் கோட்டு பிடிக்காதும்மா."

"எனக்குப் பிடிக்கும். நான்தான் அந்தக் கல்லப் பார்க்கப் போறேன்."

சோவெத்பெக் அண்ணன் ஏதோ வேலை இருப்பதுபோல் வெளியே போய்விட்டார். நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. பிறகு படத்தில் வாயை மூடிவிடலாமா என்று கேட்டேன். கல்லில் பல் தெரிய யாரையும் செய்ததில்லை. அம்மா திரைக்கு அருகே போய், அந்தப் பல் மேல் விரலை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"கோட்டப் போடு," என்றாள். "பல்லத் தொடாத."

அக்டோபர் 3

ஊசி இரண்டு நாள் ஓடி முடித்தது. கறுப்புக் கல்லில் வெளிச்சமான இடத்தை மட்டும் குத்தும், இருட்டை அப்படியே விட்டுவிடும். கோட்டு பெரும்பாலும் குத்தாமல் விட்ட கல்தான். பக்கத்தில் உட்கார்ந்து தட்டும் சத்தம் முழுவதையும் கேட்டேன். புருவம், மூக்கு, உடைந்த பல். கடைசியாகக் கண்மணிக்குள் இருக்கும் வெளிச்சப் புள்ளி. அதை எந்திரத்திடம் விடவில்லை. கையால் வைத்தேன்.

அண்ணன் துணியால் துடைத்துவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"பொத்தான் போடல நீ."

"ஆமாண்ணே."

"மூணுமா?"

"மூணும்."

உள்ளே சட்டையும் டையும் இல்லை, அந்தத் தொய்ந்த ஸ்வெட்டர் தெரிகிறது.

அக்டோபர் 11

கல் நின்றுவிட்டது. ஆண்கள் போய் நிறுத்திவிட்டு வந்தார்கள். கைப்பேசியில் படம் காட்டினார்கள். நேராக இருக்கிறது.

அக்டோபர் 18, சனி

விருந்துக்குக் குதிரை அறுத்தார்கள். இருநூறு பேர். அம்மா துக்கத்துக்குப் போட்ட கறுப்புத் துணியைக் களைந்தாள். மாலையில் பெண்கள் எல்லோரும் கல்லறைக்குப் போனோம். முதல் தடவையாக அந்த மேட்டைப் பார்த்தேன். அவனைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் என்னுடைய கோட்டில் நிற்கிறார்கள், பொத்தான் எல்லாம் போட்டு. சித்தி கல்லைப் பார்த்துவிட்டு, "இவன் என்ன இப்படித் திறந்து போட்டுக்கிட்டு நிக்கிறான்?" என்றாள்.

அம்மாதான் பதில் சொன்னாள். "அவனே கழட்டிருப்பான், விடு."

நான் அவளிடம் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை.

அக்டோபர் 21

இல்கீஸ் வேறொரு திரை அட்டை கொண்டுவந்து பொருத்தினான். புது கர்னலில் எல்லாம் ஓடுகிறது. பழையதை நீக்கவா என்று கணினி கேட்டது. இல்கீஸ் எழுந்து எனக்கு நாற்காலியை விட்டான். ஆம் என்று அடித்தேன். இப்போது பட்டியலில் ஒரே வரிதான். படத்துக்கும் பெயர் மாற்றிவிட்டேன். தம்பி ஒட்டிய காகிதத்தை மட்டும் கிழிக்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

அம்மா சோகுலுக்கில் சித்தி வீட்டில் இருக்கிறாள். பட்டறையிலிருந்து வந்தபோது படிக்கட்டில் எந்த வாசனையும் இல்லை. கையைக் கழுவிவிட்டு மாவு பிசைந்தேன். கொஞ்சம் தண்ணீர் கூடிவிட்டது. எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளைப் போட்டேன். முதலாவது பொன்னிறமாக மேலே வந்தது. எடுத்தேன்.

"உலார்," என்றேன்.

குரல் வந்தது. வந்தது நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்த் திறந்தேன். அவளுக்கும் ஒன்று கொடுத்தேன், நானும் ஒன்று சாப்பிட்டேன்.