எந்திர மனுசனுக்குப் பசிக்காது

சேந்தமங்கலம்
19-2-1984

அன்புத் தம்பி கந்தவேலுக்கு,

அக்கா வசந்தாமணி எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. பயலுக்கு மறுபடியும் இழுப்பு. பண்ணைத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் டாக்டர். கோழிப்பண்ணைக்குள்ளேயே வீட்டைக் கட்டிக்கொண்டு தூசிக்குப் பயந்து எங்கே போவது? உன் மச்சானிடம் சொன்னால், "கோழிக்கே இழுப்பு வரலை, உம்பட பையனுக்கு மட்டும் எப்புடி வருது?" என்று சிரிக்கிறார். நான் படித்த பி.எஸ்.சி. பிசிக்ஸ் இந்த வீட்டில் முட்டை அட்டைகளை எண்ணத்தான் ஆகிறது. அதற்கு மேல் ஒன்று உண்டென்றால் பயப்படுவதற்கு. படித்தவளுக்கு எதெது ஆகலாம் என்று தெரிந்திருப்பதால் எல்லாவற்றுக்கும் பயம்.

நீ அனுப்பிய விண்வெளிப் படப் புத்தகம் வந்தது. ஊசி போட்டுக்கொண்டு வரும்போதெல்லாம் சாமிநாதன் அதை மடியில் வைத்துக்கொள்கிறான். சனி கிரகத்தின் வளையத்தைப் பார்த்து, "இதுக்கு ஆரு கொலுசு போட்டுவுட்டாங்க?" என்று கேட்டான். நாலு வயசுக்காரனுக்கு என்ன பதில் சொல்ல? பொழுது விழுந்ததும் நம் கொட்டகையில் வரிசையாகப் பல்பு எரியுமே, அதுதான் அவனுக்கு ராக்கெட்டாம். கோழிகள் டிக்கெட் வாங்கின சனமாம்.

என் நங்கையா சென்னியம்மாளைக் கேட்டிருந்தாய். புருசன் போனபிறகு, கூடப்பிறந்த தம்பி உன் மச்சான் வீடே கதி என்று வந்தவர், இப்போது என் மகனுக்கு முதல் அம்மா அவர்தான், நான் இரண்டாவது. இழுப்பு நின்றால் கோயில் உண்டியலில் போடுகிறேன் என்று ஒரு நாலணாவை மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். நான் மாத்திரை கொடுக்கிறேன். அவர் அந்த முடிச்சைத் தொட்டுக் கும்பிட வைக்கிறார். இழுப்பு எதற்குக் கேட்டாலும் சரி.

காது குத்து உன் மடியில்தான். தாய்மாமன் இல்லாமல் மொட்டை போடும் கத்தியைக்கூடக் காட்டக் கூடாது என்று இங்கே சொல்லிவிட்டார்கள். எப்போது வருகிறாய்?

அன்புடன்,
அக்கா வசந்தாமணி


சிங்கப்பூர்
4-3-1984

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ பயப்படுவதில் பாதி வேண்டாத பயம் என்று சொன்னால் மீதிப் பாதி எது என்று கேட்பாய், அதனால் சொல்லவில்லை. இங்கே கப்பல் பட்டறையில் ஓவர்டைம். ஒரு ஞாயிறுதான் ஓய்வு. போன ஞாயிறு ஒரு இங்கிலீஷ் விண்வெளிப் படத்துக்குப் போனேன். மற்றவர்கள் சண்டைக்காகப் பார்த்தார்கள், நான் மாப்பிள்ளை சாமிநாதனுக்காகப் பார்த்தேன். கீழே உள்ளதை அவனுக்கு வாசித்துக் காட்டு.

மாப்பிள்ளை, அந்தப் படத்தில் ஒரு எந்திர மனுசன் வருகிறான். ஒண்டியாளாகக் கப்பலை ஓட்டுகிறான். அவன் நெஞ்சுக்குள் நாலணா அகலத்துக்கு ஒரு வெள்ளித் தகடு. பேட்டரி. அது உள்ளே இருக்கிறவரைக்கும் எந்திர மனுசனுக்குப் பசிக்காது. தூக்கம் வராது. காய்ச்சல், இழுப்பு ஒன்றும் வராது. ஊசியைக் கண்டால் ஊசிதான் வளையும்.

அக்கா, இழுப்பும் ஊசியும் படத்தில் இல்லை. நான் சேர்த்தது.

இன்னொன்று. கைக்கு அடக்கமான ஒரு வீடியோ கேம் வாங்கியிருக்கிறேன். சின்னத் திரையில் மேலேயிருந்து வேற்றுக் கிரகத்துக் கப்பல்கள் இறங்கும், கீழேயிருந்து சுட வேண்டும். ஒவ்வொன்று விழும்போதும் கிய் கிய் என்று சத்தம். ராசிபுரத்துச் சின்னராஜ் இந்த மாதம் ஊருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பேட்டரி தீர்ந்தால் பின்பக்கத்து மூடியை நகத்தால் தள்ளு, திறந்துகொள்ளும். சின்னப் பிள்ளையே மாற்றலாம், அவ்வளவு சுலபம். நாலணாத் தகடு என்றேனே, அதேதான் இதற்குள்ளும் இருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் சொல்லு.

மச்சானுக்கும் நங்கையாவுக்கும் என் வணக்கம்.

உன் தம்பி,
கந்தவேல்


சேந்தமங்கலம்
15-4-1984

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதம்தான், கோபித்துக்கொள்ளாதே. பண்ணையில் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போடும் நாட்கள். ஒரு கோழி பாக்கியில்லாமல் பிடித்துக் கொடுத்து முழங்கையெல்லாம் கீறல்.

சின்னராஜ் கேமைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து இந்த வீட்டில் கிய் கிய்தான். கோழிகள் முட்டையிட மறந்துவிடும் என்று உன் மச்சான் சத்தம் போட்டார். மறுநாள் அவரே தீவன மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருந்தார். நங்கையா பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, உம்பட ஐயனுக்குக் கெரகம் புடிச்சிருக்குதா, கெரகத்தை இவன் புடிச்சிருக்கானா?" என்று பயலிடம் கேட்க, அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நம் நாட்டு ஆள் ஒருத்தர் ராக்கெட்டில் போய்விட்டு வந்ததை ரேடியோவில் கேட்டிருப்பாய். இங்கே சாமிநாதன் அன்று முழுக்கச் சோறு உண்ணவில்லை. அவர் சாப்பிட்டிருப்பாரா என்று முதலில் தெரிய வேண்டுமாம்.

உன் கடிதத்தை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று தெரியாது. எந்திர மனுசன் வரும் இடம் வந்ததும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். அன்றைக்குக் கோழிகளுக்கு ஊசி போடும் அவசரத்தில் நான் நிற்கும்போது வந்து, "அந்தத் தகடு அவன் நெஞ்சுக்குள்ள எப்புடிம்மா போச்சு?" என்றான். "முழுங்கிட்டான் சாமி" என்றேன். "சும்மாவா?" "ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுப் போட்டு." நங்கையா பக்கத்தில் நின்று சிரித்தார். ராத்திரி மாத்திரையை எடுத்தால் என்றைக்கும் வீட்டைச் சுற்றி ஓடுகிறவன், அன்றைக்குத் தானே கையை நீட்டி வாங்கி ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கினான். நெஞ்சைத் தட்டிக் காட்டினான். அன்றிலிருந்து மாத்திரைக்கு அழுகையே இல்லை. ரெண்டு வருசமாக நான் படாத பாடு பட்டதை உன் எந்திர மனுசன் ஒரு கடிதத்தில் முடித்துவிட்டான்.

அடுத்த கதை எப்போது?

அன்புடன்,
அக்கா


சிங்கப்பூர்
2-5-1984

அன்புள்ள அக்காவுக்கு,

தண்ணீர் டம்ளர் கதையை அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சிரிப்பு அடங்கவில்லை. கதை கட்டுவதில் நீ என்னை மிஞ்சிவிட்டாய்.

ஆவணியில் லீவு கொடுத்துவிட்டார்கள். நல்ல நாள் பார்க்கச் சொல். காது குத்துக்கு மாப்பிள்ளைக்குச் சட்டைத் துணியும், ஒரு ஜோடி கடுக்கனும் எடுத்துவிட்டேன். கடுக்கன் என்னோடு வரும். துணியையும், கேமுக்கு மாற்றுப் பேட்டரி இரண்டையும் கப்பல் தபாலில் போட்டிருக்கிறேன். மெதுவாகத்தான் வரும்.

தம்பி,
கந்தவேல்


சேந்தமங்கலம்
20-5-1984

அன்புத் தம்பிக்கு,

பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் அப்படியே தொடங்குகிறேன். சாமிநாதன் காசை விழுங்கிவிட்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் நங்கையாவின் மஞ்சள் துணி அவிழ்ந்து ஆணிக்குக் கீழே கிடந்தது. நாலணாவைக் காணோம். பக்கத்தில் காலி டம்ளர். "காசு எங்கடா?" என்று கேட்டதற்கு நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். நான் அவன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். நங்கையாதான் என் தோளைப் பிடித்து, "அது சாமி காசு. புள்ளைய ஒண்ணும் பண்ணாது. தானா எறங்கிப் போயிரும்" என்றார். உன் மச்சானும் அதையேதான் சொன்னார். வாழைப்பழமாக ஊட்டினோம்.

நான் அடம்பிடித்து மறுநாள் நாமக்கல் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தேன். நெஞ்சுக்கு நடுவில் வட்டமாக வெள்ளையாகத் தெரிந்தது. வட்டத்தின் ஓரத்துக்குள் இன்னொரு மெல்லிய வட்டம். நாலணாவுக்கு விளிம்பு இருக்கும்தானே. டாக்டரும் காசு என்றுதான் சொன்னார். என்ன காசு என்று கேட்டார், கோயில் காசு என்று உன் மச்சான் சொன்னார். டாக்டரும் சிரித்துவிட்டு, இறங்கிவிடும், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார்.

ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. நேற்றிலிருந்து பழமும் இறங்கவில்லை. எச்சிலை விழுங்காமல் வாயோரம் ஒழுகவிடுகிறான். உடம்பு சுடுகிறது. சோற்றைக் கொண்டுபோனால், "எந்திர மனுசனுக்குப் பசிக்காதும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். காய்ச்சலிலும் விளையாட்டு. இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்றால், காசுக்கு எத்தனை டாக்டர் என்கிறார் உன் மச்சான்.

கேம் வேறு நின்றுபோச்சு. பேட்டரி தீர்ந்திருக்கும். உன் பார்சல் இன்னும் வரவில்லை. வந்தால் அதைக் கையில் கொடுத்தாவது ரெண்டு வாய் ஊட்டிவிடுவேன்.

அக்கா


சிங்கப்பூர்
31-5-1984

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. தந்தி கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். அது காசு இல்லை. கேமின் பின்மூடியைத் திறந்து பார். பேட்டரி அங்கே இருந்தால் நான் முட்டாள், என்னைத் திட்டு. இல்லாவிட்டால் ஒரு நிமிசம் தாமதிக்காதே. கோயமுத்தூருக்கோ மெட்ராசுக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. விழுங்கியது பேட்டரி என்று முதலில் சொல். குழாய் விட்டு எடுத்துவிடுவார்களாம். இங்கே பட்டறை டாக்டரைக் கேட்டேன். அது உள்ளேயே நின்றால் சதையை அரிக்குமாம். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கேம் வந்த பெட்டி என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கை போட்டிருக்கிறது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும் என்று. பெட்டி கனம் என்று வெறும் கேமை மட்டும் சின்னராஜிடம் கொடுத்தேன்.

எல்லாம் என் வேலை. எந்திர மனுசனை எழுதியது நான். இழுப்பு வராது என்று சேர்த்தது நான். தகடு அதேதான் என்று சொன்னது நான். மச்சானிடம் அப்படியே சொல். என்னை வெட்டினாலும் சரி, மாப்பிள்ளையைக் காப்பாற்றிக் கொடு.

கந்தவேல்


சேந்தமங்கலம்
8-7-1984

கந்தவேலுக்கு,

உன் தந்தி சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின புதன்கிழமையே அவனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டோம்.

சொட்டுச் சொட்டாகப் பாலை ஊற்றியே வைத்திருந்தவனுக்குச் செவ்வாய் ராத்திரி மூச்சுத் திணறியது. முட்டை வேனில் சேலத்துக்குக் கிளம்பினோம். கொட்டகை விளக்குகள் பின்னால் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, "இதை எடுத்துரும்மா. எனக்குப் பசிக்கோணும்" என்றான். நான் காசைச் சொல்கிறான் என்றே நினைத்தேன். ராசிபுரம் தாண்டுவதற்குள் வாயில் ரத்தம் வந்தது. வந்தது நிற்கவில்லை.

தந்தியைப் படித்துவிட்டுக் கேமைத் திறந்தேன். பேட்டரி இருந்த இடத்தில் நங்கையாவின் நாலணா இருந்தது. ஒன்றை எடுத்ததற்கு ஒன்றை வைத்திருக்கிறான். கேமும் நின்றுவிடக் கூடாது என்று நினைத்திருப்பான்.

யாருக்கும் சொல்லாமல் இருந்திருக்கலாம். உன் பேர் கெடாமல் இருந்திருக்கும். ஆனால் நங்கையா அன்றிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடவில்லை. "சாமி காசைக் கட்டித் தொங்கவுட்டு நானே கொன்னு போட்டேன்" என்று சுவரோடு கிடந்தார். இன்னொரு உயிரையும் தூக்கிக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. நாலணாவை அவர் கையில் வைத்தேன். அன்று ராத்திரிதான் ஒரு வாய் கஞ்சி குடித்தார்.

அதோடு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உன் மச்சான் கேமைக் கிணற்றில் வீசினார். இந்த வீட்டில் உன் பேரை எடுக்கக் கூடாது என்றார். நான் அவரிடம் சொன்னேன், முழுங்கிட்டான் என்று சொன்னது நான், தண்ணீர் டம்ளரோடு சொல்லிக்கொடுத்தது நான் என்று. "நீ வெளையாட்டுக்குச் சொன்னே. அவன் அனுப்பாம இருந்தா?" என்றார். எத்தனை விதமாகச் சொன்னாலும் பழி உன்னிடமே போய்ச் சேருகிறது. நங்கையாவும் கூட நின்று கேட்டவர்தான். அவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

நீயும் எழுதவில்லை. நீ எழுதியது, நீ சேர்த்தது, நீ அனுப்பியது எல்லாம் எழுதியிருக்கிறாய். ஏப்ரல் மாதத்துக் கடிதம் உன்னிடம்தான் இருக்கிறது, அறையில் வாசித்துக் காட்டியிருக்கிறாய். முழுங்கிட்டான் என்று நான் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டாய். அக்கா தாங்க மாட்டாள் என்று விட்டிருப்பாய். தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், இனி எழுதாதே. ஆவணியில் வரவும் வேண்டாம். உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் இருந்தால் திட்டி எழுதியிருப்பேன், நீயும் திட்டியிருப்பாய். உன் எழுத்தைப் பார்த்தால் நீ எழுதாமல் விட்டதுதான் கண்ணில் படுகிறது.

பார்சல் நேற்று வந்தது. காது குத்தாமலே போய்விட்டானே என்று சட்டைத் துணியை நங்கையா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேட்டரி வந்த அட்டையிலும் அந்த எச்சரிக்கை இருக்கிறது. படித்துவிட்டு, நாற்காலி போட்டு ஏறி, இரண்டையும் பரண்மேல் கைக்கு எட்டாத மூலையில் தள்ளி வைத்தேன். இறங்கின பிறகுதான், யார் கைக்கு என்று நின்றேன்.

வசந்தாமணி