உன் மறதிக்கு நான் சாட்சி

விரலில் ஒட்டிய வல்லாரை லேகியத்தின் வாடை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டேன். பச்சிலையும் சிக்கு வாடை அடிக்கிற நெய்யும் கருப்பட்டியும் கலந்த ஒரு நாற்றம். உடன்குடிக் கருப்பட்டியை இவ்வளவு கேவலப்படுத்த முடியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நினைவாற்றல் பயிற்சி மையத்தின் வாசலில் நின்ற பெண், உள்ளே போகிற பெற்றோர் கையில் எல்லாம் ஒரு கரண்டி வைத்து, "சாப்பிடுங்க மேடம், படிச்சது மறக்கவே மறக்காது" என்றாள். அவள் தலைக்கு மேலே ஃப்ளெக்ஸில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

சுங்கத் தரகர் தேர்வில் பாஸான பிறகு அடையாள அட்டைக்காக எடுத்தாயே, அந்தப் போட்டோ. அதைப் பெரிதாக்கி, தலையைச் சுற்றி மஞ்சள் ஒளி எல்லாம் போட்டு, 'ஒருமுறை படித்தால் வாழ்நாள் முழுக்க நினைவில். எங்கள் பயிற்சியின் பெருமை' என்று அச்சடித்திருந்தார்கள். அந்த மையம் திறந்ததே நீ செத்துப்போன பிறகுதான். அந்த மாடிப்படியை நீ மிதித்ததே கிடையாது.

உன் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "போட்டோ கேட்டாங்க, குடுத்தேன் தங்கச்சி. நம்ம ஜெனிட்டாவ பீஸ் வாங்காமச் சும்மாவே சேத்துக்கிடுதோம்னாங்க. அவ அம்மைக்கும் ஒரு பேருதான" என்றார். நல்ல மனுஷர். யார் சிரித்துப் பேசினாலும் நம்பிவிடுவார். அவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று உள்ளே போய் உட்கார்ந்தேன்.

உன் மகள் ஜெனிட்டாவை மேடையில் ஏற்றினார்கள். பெற்றோர் ஆளுக்கொரு சொல் சொன்னார்கள். யானை, குடை, தேங்காய், பேருந்து. யானை குடை பிடித்தது, குடை மேலே தேங்காய் விழுந்தது என்று அவள் ஒரு கதை கட்டி, முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் ஒப்பித்தாள். ஒரே கைதட்டல். இந்த ஊர் வேர்வையில் கோட்டுப் போட்டு நின்ற பயிற்சியாளர், நனைந்த கையை அவள் தலையில் வைத்து, "அம்மாவோட மூளை, எங்களோட பயிற்சி" என்றார். பக்கத்தில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போய் அந்தக் கையைத் தட்டிவிடலாமா என்றிருந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

திரும்பும்போது ஜெனிட்டா என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். உப்பளம் தாண்டியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சித்தி, யானையும் குடையும் மண்டையில நிக்கி. பயாலஜி நிக்கமாட்டக்கு. எத்தன தடவ வாசிச்சாலும் மறுநாள் வெள்ளையா இருக்கு. அம்மாவுக்கு ஒரு தடவ போதுமாம். எனக்கு அந்த மண்டை வரல. இந்த வருசம் பரீட்சை எழுதலன்னு அப்பாட்ட சொல்லப் போறேன்."

சாலையோரம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டேன்.

உன் மண்டையைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? ஹார்பர் ரோட்டு கிளியரிங் ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஏற்றுமதிச் சரக்குக்கு ஷிப்பிங் பில் அடித்தவர்கள் நாம். முதல் தடவை நீ தரகர் தேர்வுக்குப் படித்தபோது புத்தகம் முழுக்கக் கலர் கலராகக் கோடு போட்டாய். எழுத்துத் தேர்வில் தப்பித்து, வாய்மொழித் தேர்வில் தோற்றாய். அன்றைக்குப் பஸ்ஸில் நீ சொன்னது: "ஏளா, புதுநன்மைக்கு மாட்டுன மாதிரியே மாட்டிக்கிட்டேன்."

தருவைகுளத்துப் பிள்ளைகள் எல்லாரையும் போல நீயும் சின்ன வயதில் முதல் நற்கருணை வாங்குவதற்காக ஞானோபதேசக் கேள்வி பதிலை ராகம் போட்டுத்தான் படித்திருந்தாய். முதல் கேள்வியில் தொடங்கினால் கடைசி வரை தங்குதடை இல்லாமல் போகும். பங்குச் சாமியார் நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டார். நீ முதல் கேள்வியிலிருந்து பாட ஆரம்பித்தாய். கோயிலே சிரித்தது. அத்தனை வருடம் கழித்து, சுங்க அதிகாரி நடுவிலிருந்து கேட்டபோதும் நீ தொடக்கத்துக்கே ஓடினாய்.

அதற்குப் பிறகுதான் அந்த ஏற்பாடு. மத்தியானம் புத்தகம் என் கையில் இருக்கும். எந்தப் பக்கம் திறக்கிறதோ அங்கேயிருந்து கேட்பேன். நீ பார்க்காமல் உன் சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்காமல் சோற்று வாளி திறக்கக்கூடாது. மீன்குழம்பு ஆறும், எனக்குப் பசி குடலைப் பிடுங்கும், நீ கண்ணை மூடித் தேடிக்கொண்டிருப்பாய். பொறுக்கமுடியாமல் எடுத்துக் கொடுத்தால் சண்டைக்கு வருவாய். "வாய மூடுளா. நீ சொல்லிட்டா அது உன்னோடதாயிரும். நானா தேடி எடுத்தாத்தான் எங்கிட்ட நிக்கும்." ஒருநாள் சரியாகச் சொன்னதை மறுநாளே கேட்டாலும் திட்டுவாய். "நல்லா நெனப்பிருக்கப்ப என்னத்துக்குக் கேக்க? மறக்கப் போற நேரம் பாத்துக் கேளு." ஒரு வாரம் விட்டுக் கேட்பேன், பிறகு ஒரு மாதம் விட்டு. பாதி நாள் தவறாகச் சொல்லி, உன்னையே திட்டிக்கொண்டு ஆறின சோற்றைத் தின்றாய்.

இதைத்தான் உன் மகளிடம் சொன்னேன். "உங்கம்மா மொத தடவ ஃபெயிலு."

"பொய் சொல்லாதிங்க சித்தி." டீ கிளாஸை டக்கென்று வைத்துவிட்டாள். முகம் சிவந்துபோயிற்று.

அவளுக்கு எப்படித் தெரியும்? நீ இறந்த ஒரு மாதத்தில் வைத்த பூசைக்கு வந்த சொந்தங்கள் சாப்பாட்டுப் பந்தியில்தானே ஆரம்பித்தார்கள்? "அவளுக்கு ஒரு தடவ வாசிச்சாப் போதும், அப்படியே புடிச்சுக்குவா." பிள்ளை அழுதுகொண்டிருக்கிறாளே என்று நான் உட்பட யாரும் மறுக்கவில்லை. செத்துப்போனவர்களைப் பற்றி நல்லதை மட்டும் பேசுகிற இந்த வழக்கத்தின்மேல் எனக்கு இன்றைக்கு வந்த அருவருப்பு, அந்தக் கோட்டுக்காரர்மேல் கூட வரவில்லை. ஃப்ளெக்ஸ் அடித்தவருக்கு மை கலக்கிக் கொடுத்ததே நாங்கள்தான். நீ பாடுபட்டுச் சேர்த்ததை எல்லாம் பிறவி வரம் என்று சொல்லி, உன் பிள்ளைக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் பண்ணிவிட்டோம்.

அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்று வாளியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குவாய் என்று. மேனேஜர் பெயரை மறந்து அவரிடமே கேட்டாய் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஏதோ ஒரு சட்டப் பிரிவை முணுமுணுத்துக்கொண்டே பாதி வழி வந்துவிட்டு, கைக்குழந்தையைப் பெஞ்சில் தூங்கவிட்டதை நினைத்துத் தலைதெறிக்கக் கோயிலுக்கு ஓடினாய் என்று.

"அந்தக் கொழந்த நானா?" என்றாள்.

"பின்ன யாரு?"

முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். டீக்கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டது பரீட்சையைப் பற்றி இல்லை. "சித்தி, அம்மா வேற என்னெல்லாம் மறந்தாங்க?"

நாளைக்குச் சாயங்காலம் பயாலஜி புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாரேன் என்றிருக்கிறாள். நடுப்பக்கத்திலிருந்து கேட்பேன் என்று சொல்லிவிட்டேன். உன் ஞாபகசக்தியை ஊர் வைத்துக்கொள்ளட்டும். நீ மறந்தது அத்தனையும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உன் மகள் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுப்பேன்.