குலுக்கையில் கிழித்த சிலுவை

சேசு மரி சூசை துணை

ராயப்பன்பட்டி,
1892 ஜனவரி 26

கண்டித் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தம்பி மிக்கேலுக்கு அண்ணன் பிலவேந்திரன் எழுதுவது. ஆண்டவர் உன் உடம்பைக் காப்பாராக. கிணற்றுப் பங்கில் நீ எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து எழுதுவதால் சமாதானம் ஆகிவிட்டேன் என்று எண்ணாதே.

ஐப்பசியில் ஒரே ஒரு மழை. என் மழை அளக்கும் குழாயில் ஒன்றேகால் அங்குலம். அதற்குப் பிறகு இன்றுவரை சைபர். பதினொரு வருஷக் குறிப்பில் இப்படி ஒரு கார்த்திகை இல்லை. மூடிக்கொள்ள மேகமில்லாத பூமி சூட்டையெல்லாம் விட்டுவிடுகிறது. நேற்று விடியலில் உஷ்ணமானி பாரன்ஹீட்டில் முப்பத்தாறு காட்டியது. புல்லில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் உறைபனி. பகலில் அதே புல் கருகிக் கிடக்கிறது.

நம் ஆட்கள் மழை கேட்டுச் சுரூபம் எடுத்து ஊரைச் சுற்றினார்கள். குச்சனூர்ப் பக்கம் கொடும்பாவி இழுத்தார்கள். இரண்டுக்கும் வானம் அசையவில்லை. ஆண்களில் பாதிப்பேர் பெரியாற்றை மறித்துத் துரைகள் கட்டும் அணைக்குக் கல் சுமக்கப் போய்க் காய்ச்சலோடு திரும்புகிறார்கள். அந்தத் தண்ணீர் வரும்போது குடிக்க ஊரில் ஆள் இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ இரண்டு மண் குலுக்கையில் விதைச்சோளம் வைத்துவிட்டுப் போனாய். ஐப்பசி மழை பெய்ததும், கார்த்திகை இதுவரை பொய்த்ததில்லை, தைரியமாக விதை என்று உன் மனைவி மதலேனாளிடம் நான்தான் சொன்னேன். குறிப்புப் புத்தகத்தையும் காட்டினேன். மூடாமல் வைத்திருந்த ஒரு குலுக்கை விதையும் முழங்கால் உயரத்தில் காய்ந்துபோயிற்று.

மற்றது அப்படியே இருக்கிறது. சாணிமண் பூசி மூடி, ஈரத்தில் நீ விரலால் கிழித்த சிலுவையும் அழியவில்லை. வீட்டுக்காரன் மூடிய விதையை அவன் சொல்லாமல் திறப்பதில்லை என்கிறாள். பஞ்சத்துக்கு ஏது முறை என்று கடப்பாரையோடு போனேன். குறுக்கே படுத்துக்கொண்டாள். "மழ பேயும்னு சொன்னீக, வெதச்சேன். இப்ப ஒடைங்கிறீக. ஒங்க பேச்சு ஒரு தடவ கேட்டது போதும், மச்சான். அவுக சொல்லட்டும்" என்றாள். கடப்பாரையைத் தோளில் போட்டேன். திரும்பிவிட்டேன்.

அன்றைக்கு உன் மகள் லூர்து மேரி உயிரோடுதான் இருந்தாள். போன வெள்ளிக்கிழமை பனியில் விறைத்துப்போனாள். குழந்தை உடம்பில் குளிரைத் தாங்க ஒன்றும் இல்லை. குழிக்கு மண் நான் போட்டேன். நீ போட வேண்டியது.

உன் மகன் பீட்டர்ராஜ் இருக்கிறான். புளியங்கொட்டையை இடித்துத் தின்கிறான்.

என்மேல் உள்ள கோபத்தை அப்படியே வைத்துக்கொள். கிணற்றையும் நீயே வைத்துக்கொள். குலுக்கையைத் திறக்கச் சம்மதமாக ஒரு தாளில் அந்தச் சிலுவையைப் போட்டு அனுப்பு. குறுக்குக்கோடு இடப்பக்கம் சரிந்திருக்கும், உன் கைக்கு அப்படித்தான் வரும். எழுத்துத் தெரியாவிட்டாலும் அது அவளுக்குத் தெரியும். என் பேர் அதில் வேண்டாம். என் விலாசத்துக்கும் அனுப்பாதே, அவளுக்கே அனுப்பு.

இந்தக் கடிதம் கண்ட அன்றே அனுப்பு. ஆண்டவர் உனக்கு மீதி வைத்திருப்பதையாவது காப்பாராக.

உன் அண்ணன்,
பிலவேந்திரன்