தங்கச்சியின் கையெழுத்து

என்னங்க,

போன்ல சொன்னா குறுக்கே பேசுவீங்க, அதான் எழுதுறேன்.

பெருநகர் ஊர்ல நாம வாங்கப் பாக்குற வீட்டைப் பத்தி நீங்க சவுதிக்குப் போறப்போ சொன்னதெல்லாம் விசாரிச்சிட்டேன். பட்டா, வீட்டை விக்கிறவர் பேர்லதான் இருக்கு. வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்கல.

அது அவருக்கு அப்பா வழிச் சொத்துங்கறதால கூடப் பொறந்தவங்க கையெழுத்தைப் பாக்கச் சொன்னீங்க. அவரோட தங்கச்சி, பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்திருக்காங்க. இருந்தாலும் மனசு கேக்காம மானாம்பதிக்கே போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். நெல்லு காய வச்சிக்கினு இருந்தாங்க.

"அண்ணன் பொடவை எடுத்தாந்து குடுத்து, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வான்னு கூப்ட்டாரு. போனேன். இன்னா எழுதிக்கீதுன்னு கேக்கல. கேட்டா அப்பறம் எனக்குப் பொறந்த வூடுன்னு ஒண்ணு இருக்குமா?"

போன வருஷம் உங்க அப்பா வழி நிலத்தை நாம விக்கிறதுக்கு முன்னாடி உங்க தங்கச்சிக்குப் பச்சைப் பொடவை எடுத்தது நான்தான். ஆபீசுக்குக் கையைப் பிடிச்சு அழைச்சிக்கினு போனதும் நான்தான். அதுவும் இன்னா பத்திரம்னு கேக்கல. நாம ரெண்டு பேரும் சொல்லல.

இந்த வீட்டுல குறை ஒண்ணும் இல்லைங்க. ஆனா முதல்ல உங்க தங்கச்சிக்கு போன் பண்ணி, எதுல கையெழுத்து போட்டுச்சுன்னு சொல்லுங்க. அதுக்கு அப்பறம் அட்வான்ஸைப் பத்திப் பேசலாம்.

அந்தப் பச்சைப் பொடவையை அது இன்னும் பிரிக்கக்கூட இல்ல. அண்ணன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கட்டிக்கினு வரணும்னு எடுத்து வச்சிருக்குதாம்.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி