முப்பத்தேழு பேர், ஒரு கையெழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். நலமாக இருக்க உங்கள் அலுவலகம் விடுமா என்பதுதான் சந்தேகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. சின்னவள் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள்.

உங்கள் நகரமைப்பு அலுவலகத்தின் பதில் நேற்று வந்தது. இங்கே புது நகர மையம் வருகிறதாம், இனிமேல் பட்டறைகள் கூடாதாம், உன் மாமாவின் வெல்டிங் பட்டறை இருக்கும் இடம் கார் நிறுத்துமிடமாம். வரைபடத்தை நூலகத்தில் மாட்டி, மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று ஆறு பக்கப் படிவம் கொடுத்தீர்கள். படித்தவனுக்கே தலை சுற்றும். அதனால் தெருவே என் வீட்டுக்கு வந்தது.

ஒன்பது நாள் உட்கார்ந்து, அவரவர் சொல்லச் சொல்ல முப்பத்தேழு பேரின் படிவங்களையும் எழுதினேன். பஞ்சர் கடைக்காரர், "என் கடை இருக்கிற எடத்துல மரம் வைக்கட்டும்மா, வேணாங்கல. அந்த நிழல்ல உக்காந்து நான் என்ன பண்றது, அதையும் கேட்டு எழுது" என்றார். சாப்பாட்டுக் கடைக்காரம்மா, "புதுக் கட்டடத்துல கடை தருவாங்களாம், தண்ணி தருவாங்களான்னு கேளு" என்றாள். பழைய பேப்பர்க்காரர் சொன்ன வசவை நான் எழுதமாட்டேன் என்றதற்கு என்னிடமே சண்டைக்கு வந்தார். ஒவ்வொன்றையும் படித்துக் காட்டினேன். அவரவர் கையொப்பமோ கைநாட்டோ வைத்தார்கள்.

பதிலில் என்ன இருக்கிறது? ஆதரவு பன்னிரண்டு, எதிர்ப்பு ஒன்று. முப்பத்தேழு படிவங்களும் ஒரே கையெழுத்தில் இருப்பதால் ஒருவரின் கருத்தாகவே கொள்ளப்பட்டனவாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நீங்கள் ஒரு தெருவையே மறைத்துவிட்டீர்கள். கீழே பார்த்தால் உன் கையொப்பம்.

அது யார் கையெழுத்து என்று உனக்குத் தெரியாதா? உன் பள்ளிக் கட்டுரைகளை எழுதிய கை அது. இந்த வேலைக்கான உன் விண்ணப்பத்தை, நீ காய்ச்சலில் கிடந்தபோது, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுதிய கையும் அதுதான். எழுதியவருக்கே எல்லாம் சொந்தம் என்றால், உன் வேலையும் என்னுடையதுதானே? அந்த நாற்காலியிலிருந்து எழுந்திரு, நான் வந்து உட்காருகிறேன். எனக்கு ஒன்றுக்கு மேலேயும் எண்ணத் தெரியும்.

உன் மாமா, "மேல இருக்கிறவன் சொல்லியிருப்பான், பாவம் அவன் என்ன பண்ணுவான், விடு" என்கிறார். நான் விடுவதாக இல்லை. பட்டறை போனால் ஐம்பத்திரண்டு வயதில் அவரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? அம்மாவிடம் உன் கையொப்பத்தைக் காட்டவில்லை. மகன் பெரிய அதிகாரி என்று அவள் இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு இருக்கிறாள்.

வியாழக்கிழமை நூலக மண்டபத்தில் நேர்விசாரணை, நீதான் வருகிறாய் என்று போட்டிருக்கிறது. ஆளுக்கு மூன்று நிமிடமாம். முப்பத்தேழு பேரும் வருகிறோம். இந்த முறை நான் யாருக்காகவும் எழுதவில்லை, அவரவர் வாயால் சொல்வார்கள். காய்ச்சல், தலைவலி என்று வேறு யாரையும் அனுப்பிவிடாதே. எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு முகத்தையும் பார்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இருந்ததில்லை. விசாரணை முடிந்ததும் வீட்டுக்குச் சாப்பிட வா. எங்களை எண்ணிவிட்டு வா. எண்ணாமல் வராதே.

ஆசிகளுடன்,
உன் அக்கா