பாண்டியம்மா வீட்டுக்காரர் பேர்

ஆடி 9, திங்கள்

காத்து. ஒரே புழுதி. கம்ப்யூட்டர் மிஷின் மேல துணி போடணும், மறந்துட்டேன்.

மெட்ராஸ்ல இருந்து ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத வந்த ரவி சார், சீட்டு எழுதுற எனக்கு எழுத்துத் தட்டப் பழக்குறார். என்னை மாதிரி ஆளுக்கு விளங்கினாத்தான் அது புரோகிராமாம். நான் அஞ்சாங்கிளாஸ். இங்கிலீசுல என் பேர், மாயாண்டி, அது ஒண்ணுதான் பார்க்காம அடிப்பேன். முதல்ல அதைத்தான் பழக்கினார்.

பொம்பளைங்ககிட்டப் புருஷன் பேர் கேட்டா ஒருத்தியும் வாயத் திறக்கல. நோட்டுன்னா கோடு இழுத்துருவேன். கூட வந்தவங்க சொன்னா எழுதிக்குவேன். மிஷின் அந்தக் கட்டத்தை விட்டு நகரல. வரிசை வாசல் தாண்டிருச்சு. என் பேரையே அடிச்சேன். நகந்துருச்சு.

சாயங்காலத்துக்குள்ள ஏழு சம்சாரம் எனக்கு. வீட்ல சொன்னேன். அதுல ஒருத்தியக் கூட்டிட்டு வாங்க, துணி ஊற வச்சுக் கிடக்குன்னா. சிரிப்பு.

புளி அரைக் கிலோ. சைக்கிளுக்குக் காத்து.

ஆடி 11, புதன்

எழுத்து கோணல்.

கீழக்குயில்குடி பாண்டியம்மா. கால்ல அருவா வெட்டு. தனியாத்தான் வந்துச்சு. பேர், ஊர் அடிச்சேன். புருஷன் பேருக்கு என் பேர். ஏற்கெனவே வந்த ஆள்னு மிஷின் சொல்லுச்சு. "என் மூஞ்சியப் பார்க்க மறுபடி வந்துட்டியா ஆத்தா"ன்னு கேலி வேற. தாளை அச்சடிச்சுக் குடுத்து உள்ள அனுப்பினேன்.

ஊசி போட்டு அஞ்சு நிமிசம். உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு விட முடியல. எல்லாரும் ஓடுறாங்க. நான் பெஞ்சை விட்டு எந்திரிக்கல.

மத்தியானம் தாளைப் பார்த்தேன். திங்கக்கிழமையும் ஒரு பாண்டியம்மா. அதே ஊரு. முதுகுல கட்டி. பென்சிலின் சோதனை ஊசி போட்டாச்சு, ஒத்துக்கிச்சுன்னு இருக்கு. அது வேற பொம்பளை, இப்பத்தான் மூஞ்சி ஞாபகம் வருது. ரெண்டுக்கும் வயசு நாப்பதுன்னு போட்டிருக்கேன், கேட்டா அம்புட்டு இருக்கும்னுதான் சொல்லுதுக.

ஊரு ஒண்ணு, பேரு ஒண்ணு, புருஷன் நான். மிஷின் ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கிருச்சு. அதை நம்பி சாந்தி சிஸ்டர் சோதனை ஊசி போடாம முழு ஊசியும் போட்டுருச்சு.

ஆடி 12, வியாழன்

பாண்டியம்மாவுக்கு உயிர் இருக்கு. ஆக்சிஜன். முகம் வீங்கிக் கண்ணே தெரியல. ரெண்டு தடவை எட்டிப் பார்த்தேன், உள்ள போகல.

சோதனை பண்ணாம எப்படிப் போட்டன்னு பெரிய டாக்டர் சாந்தி சிஸ்டரை வச்சு வாங்கிட்டாராம். சனிக்கிழமையோட அதுக்கு வேலை இல்ல. என்கிட்ட வந்து நின்னுச்சு. "அண்ணே, தாள்ல இருந்துச்சு. நான் வாசிச்சேன். நெசமா இருந்துச்சு."

ஆமான்னு சொல்லல. டீ குடிச்சிட்டு வாரேன்னு நழுவிட்டேன்.

என் வேலை போனா? போலீஸ் வந்தா? இன்னைக்கு யாரையும் சீண்டல. காய்ச்சலான்னு வீட்ல நெத்தியத் தொட்டுப் பார்த்தா.

ஆடி 13, வெள்ளி

ரவி சார்கிட்டச் சொல்லிட்டேன்.

புருஷன் பேரச் சொல்றதுல என்னய்யா இருக்குன்னு கேட்டார். "உங்க அம்மா உங்க அப்பா பேரைச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா சார்?"

இல்லன்னார். அப்புறம் மெதுவா, "காலியா விட்டா நகரக் கூடாதுன்னு வச்சது நான்தான்."

ரெண்டு பேரும் பெரிய டாக்டர் ரூமுக்குப் போனோம். உள்ள சாந்தி சிஸ்டர் சுவரோரமா நின்னுச்சு. டாக்டர் கையில அந்தத் தாள். பாண்டியம்மா வீட்டுக்காரர் வெளிய நிக்கிறார், வேற பேர் சொல்றார், யார் இந்த மாயாண்டின்னு கேட்டார்.

"நான்தாங்க."