கன்னத்துக் காற்று

4 மார்ச் 2024, திங்கள்

இன்று நான் சொன்னதை டாக்டர் மோகனா எழுதிக்கொண்டார்! தோட்டத்து ஆட்களின் நுரையீரலை எதைக்கொண்டு அளப்பது என்று கிளினிக் பின்னறையில் கூட்டம். பெரிய மெஷின் வாங்கினால் ஆராய்ச்சிப் பணம் அதோடு சரி. அதைத் தூக்கிக்கொண்டு மேட்டு லைன் வீடுகளுக்கு ஏறவும் முடியாது. மேசைமேல் கிடந்த பிளாஸ்டிக் குழாயை எடுத்துக் காட்டி, "இதுவே போதும் டாக்டர், ஒரே ஊதல், முள் நிக்கிற இடம்தான் நம்பர்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். 'களப் பணியாளர் புனிதாவின் யோசனை' என்று அறிக்கையில் வருமாம். வீடு வரும்வரை தரையில் கால் பாவவில்லை.

15 மார்ச்

மருந்தடிக்கும் ஆண்கள் பதினொரு பேரும் ஊதி முடித்தார்கள். எல்லோருக்கும் ஐந்நூறுக்கு மேல். நல்ல நெஞ்சுக்காரர்களுக்கு வரும் நம்பர். என் வீட்டுக்காரருக்கு 540. இருபத்திரண்டு வருஷமாகக் களை மருந்து அடிக்கிறவர்.

"பாத்தியா, குகனேஸ்வரன் இரும்பு லா!" என்று எல்லார் முன்னாலும் பீற்றிக்கொண்டார். பிறகு ஐந்து நிமிஷம் இருமினார்.

540 உள்ள மனுஷன் லைன் படி ஏற ஏன் இரண்டு தடவை நிற்கிறார்?

16 மார்ச்

மழை. அதே கேள்வி.

18 மார்ச்

கண்டுபிடித்துவிட்டேன். பிடிக்காமலே இருந்திருக்கலாம்.

முதுகில் மாட்டும் மருந்துப் பம்பை ஸ்டோரில் வைக்கச் சொன்னாலும் இவர் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார். சாயங்காலம் பின்கட்டுக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தார். மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்திருந்தது. கழற்றி வாயில் வைத்தார், கன்னத்தை உப்பினார், நாக்கால் 'த்தூ' என்று ஓர் ஊது. அடைப்பு தெறித்து விழுந்தது.

கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டேன். பதினொரு பேரும் கிளினிக்கில் இப்படித்தானே ஊதினார்கள்! அது நெஞ்சுக் காற்றே இல்லை, கன்னத்துக் காற்று. பெரிய மெஷின் என்றால் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்திருக்கும். ஐயோ, பிளாஸ்டிக் குழாய்க்கு என்ன தெரியும்?

விஷத்தைப் போய் வாயில் வைக்கிறீங்களே என்று கத்தினேன். "எல்லாரும் இப்படித்தான். மலை மேல ஊசி தேடிக்கிட்டு இருப்பாங்களா?" என்றார்.

பையிலிருந்த கிளினிக் குழாயை எடுத்துக் கொடுத்து, அவர் கன்னத்தை நானே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் அடித்தொண்டையிலிருந்து ஊதச் சொன்னேன். 240. மறுபடியும். 230.

குழாயை என் கையில் திணித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

19 மார்ச்

முந்நூறுக்குக் கீழே வந்தவர்களை மருந்தடிக்க அனுப்பக் கூடாது என்று டாக்டர் தோட்ட மேனேஜரிடம் முதலிலேயே எழுதி வாங்கியிருக்கிறார். நல்ல எண்ணம்தான்.

"மருந்தடிக்கலேனா எனக்கு வேற என்ன வேல குடுப்பான்? வேல இல்லேனா வீடு இல்ல. நம்ம மக துளசி இந்த வருஷம் அஞ்சாம் படிவம், பெரிய பரீட்ச எழுதணும். நடு ரோட்டுல உக்காந்து படிப்பாளா? நம்பர் வந்துருச்சு, விடு லா" என்றார் இவர்.

சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் போய்விடுவார். எந்தப் பக்கம் திரும்புறது? இதுவே போதும்னு சொன்னியே புனிதா, என்ன திமிர்டி உனக்கு.

22 மார்ச்

டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டேன். "தப்பு உன்னோடது இல்ல புனிதா. சோதிச்சுப் பாக்காம எடுத்தது நான். மெஷினுக்குக் காசு கிடையாது. நீ சொல்ற மாதிரி கன்னத்தப் பிடிச்சே திரும்ப அளப்போம். ஒப்புதல் படிவம் மட்டும் புதுசா வாங்கிடு" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

2 ஏப்ரல்

பதினொரு பேரில் முதலில் ஊதியவர் காளிமுத்து அண்ணன். 210. "என்னம்மா, குழா கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

12 ஏப்ரல்

காளிமுத்து அண்ணனை மருந்தடிப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். லேசான வேலை எதுவும் காலி இல்லையாம். மூன்று மாதத்தில் வீட்டை விட வேண்டும். டாக்டர் மேனேஜருக்குக் கடிதத்துக்குமேல் கடிதம் போடுகிறார். பதிலைக் காணோம்.

அண்ணன் பெண்சாதி செல்லம்மா அக்கா என் வாசலில் வந்து நின்றார். "அந்தக் குழாயக் கொண்டாந்தது நீதானே, புள்ள?" அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

15 ஏப்ரல்

இன்று இவர் முறை. யாரோ எவரோ மாதிரி என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோருக்கும் படிப்பதுபோல் ஒப்புதல் படிவத்தைப் படித்தேன். "நீங்கள் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், இந்த ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்ளலாம்."

கையைத் தூக்கி நிறுத்தினார். "அத இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"அப்ப நான் விலகிக்கிறேன்."

காரணம் கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லை. பழைய 540 செல்லாது, புதிய நம்பர் கிடையாது. மேனேஜருக்குப் போகும் பட்டியலில் இவர் பெயரே இருக்காது.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, வீடு தப்பியது என்றுதான் முதலில் தோன்றியது. சீ! நானெல்லாம் ஒரு பெண்டாட்டியா? அந்த வரி வந்தபோது கொஞ்சம் நிறுத்தி, சத்தமாகப் படித்தேனோ? படித்தேன். கிளினிக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

3 ஜூன்

காளிமுத்து அண்ணன் குடும்பம் கம்போங் ராஜா டவுனுக்குப் போய்விட்டது. லோரியில் சாமான் ஏற்றும்போது நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

24 ஜூன்

இன்று காலையிலும் இவர் பம்பின் ஒரு வாரைத் தோளில் போட்டுவிட்டு, அடுத்ததைப் போட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. பின்னால் போய்ப் பம்பைத் தூக்கிப் பிடித்து வாரை நானே மாட்டிவிட்டேன். காலிப் பம்புதான், மருந்தெல்லாம் மேலே போய்த்தான் ஊற்றுவார்கள். "சரி, விடு, போய்ட்டு வரேன்" என்றார். ஒரு வாரமாகத் தினமும் நான்தான் மாட்டிவிடுகிறேன்.